எட்டு மாடிப் பேச்சு

அந்த அரசு அலுவலகக் கட்டடத்துக்கு எட்டு மாடி. நடுவில் எங்கும் நிற்காமல் போனால், கீழிருந்து உச்சிக்குப் போய்ச்சேர லிஃப்டுக்கு நாற்பது வினாடி பிடிக்கும். முப்பத்துமூன்று வருஷம் அந்த லிஃப்டை ஓட்டியவருக்குக் கட்டடம் முழுக்க ஒரே பெயர்தான்: லிஃப்ட் அண்ணன். அவரைவிடப் பத்து வயது மூத்த அதிகாரிகள்கூட அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. இருக்காதா பின்னே?

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பேச்சில் கில்லாடி. நாற்பது வினாடியில் பேசி முடிக்க முடியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. மூன்றாம் மாடி சூப்பிரண்டின் முழங்கால் வலி, ஐந்தாம் மாடித் தட்டச்சரின் மகள் இரண்டாம் தடவையாக எழுதிய பரீட்சை, ஏழாம் மாடி அதிகாரியின் மாமியார் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனது, எல்லாம் அவருக்குத் துண்டு துண்டாக வந்து சேரும். இன்றைக்குப் பாதி, நாளைக்கு மீதி. ஆனால் விட்ட இடம் மட்டும் அவருக்கு மறக்கவே மறக்காது. "டாக்டர்கிட்ட காட்டறேன்னு நேத்து சொன்னீங்களே, காட்டினீங்களா?" என்று கதவை மூடும்போது கேட்பார். கதவு திறக்கும்போது பதில் முடிந்திருக்கும். "சரி, வாங்க" என்று வலது கையை வெளிப்பக்கம் நீட்டுவார். அந்த ஆள் இறங்கிப் போவார், அடுத்த ஆள் ஏறுவார். ஒரு நாளைக்கு முந்நூறு பேர்.

இதில் ஒரே ஒரு கோளாறு. அவருடைய ஸ்டூல் பொத்தான் பலகையைப் பார்த்துப் போட்டது. ஏறுகிறவர்கள் எல்லாம் முதுகுப் பக்கம். ஆகவே ஆட்களை அவர் குரலாலும் செருப்பாலும்தான் அறிவார், முகத்தால் அவ்வளவாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் ஆறாம் மாடிக் கணக்காளர் எதிரே வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தபோது, யாரோ என்னவோ என்று அண்ணன் ஒதுங்கிப் போய்விட்டார். மறுநாள் கணக்காளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி, "பெரிய மனுஷனாயிட்டீங்க அண்ணே" என்றார். குரலைக் கேட்டதும் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ சார், நீங்களா அது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கக்கூடாதா?"

அறுபது வயது ஆனதும் அலுவலகத்தார் கூட்டம் போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, நல்லபடியாகவே அனுப்பிவைத்தார்கள். நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். எழுந்தார், பேசினார், உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில். ஆக, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் அண்ணன் மட்டும். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே மகள் வந்து நின்றாள்.

"அப்பா, என்கூட வந்துடுங்க."

"அங்க வந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

"இங்க இருந்து என்ன பண்ணப்போறீங்க? என்கூட வேலை பாக்கற பொண்ணோட அப்பா குளியலறைல விழுந்து ரெண்டு நாள் கிடந்திருக்கார். யாருக்கும் தெரியலை. கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை."

"நான் ஏன் விழப்போறேன்? எனக்கு இந்த ஊர்ல ஆயிரம் பேரைத் தெரியும்."

"ஆயிரம் வேண்டாம். நாலு பேர் சொல்லுங்க. ஒரு நாள் உங்களைக் காணோம்னா, சாயங்காலத்துக்குள்ள எங்க போனார்னு தேடற நாலு பேர். பேரும் போன் நம்பரும். மூணு மாசம் டைம் தரேன். நாலு பேர் இருந்தா உங்க இஷ்டம். இல்லைன்னா பெட்டியைக் கட்டணும்."

"நாலு பேர்தானே? ஒரு வாரத்துல சொல்றேன்" என்று அவர் மார் தட்டிக்கொண்டார். அந்த வீட்டையும் தெருவையும் விட்டுப் போவதற்கு அவருக்குச் சம்மதமே இல்லை. மகள் வீட்டில் சோறும் மாத்திரையும் வேளைக்குக் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவள் வேலைக்குப் போன பிறகு பன்னிரண்டாவது மாடியில் ஒரு ஜன்னலோடு அவர் என்ன பேசுவார்?

சொன்ன வேகம் பத்து நாளில் இறங்கிவிட்டது. காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். சவரம், குளியல், காக்கிச் சட்டைக்குக் கை போய், அட என்று திரும்பி, வேறு சட்டை. ஏழரைக்கு ஆள் தயார். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அலுவலகத்துக்கே போனார். "வாங்க அண்ணே, வாங்க வாங்க" என்று ஒரே ஆரவாரம். அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புது ஆள்கூட எழுந்து நின்றான். எல்லோருமாகப் பேசிக்கொண்டே மேலே போனார்கள். எட்டாம் மாடி வந்தது. எல்லோரும் இறங்கி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணன் கீழே இறங்கி வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கு உள்ளபடியே பயமாக இருந்தது. முந்நூறு பேருக்கு வேண்டியவன், ஒரே மாதத்தில் ஒருத்தருக்கும் வேண்டாதவனாகிவிட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தார்.

பூங்காவில் மூத்த குடிமக்கள் சங்கம் ஒன்று கூடும். போய்ச் சேர்ந்தார். வட்டமாக நாற்காலி. முகத்துக்கு முகம் பார்த்து உட்கார வேண்டும், அதுவே அவருக்கு ஒருமாதிரி இருந்தது. போதாக்குறைக்கு அங்கே பேச்சை ஆரம்பித்தால் முடிப்பதே கிடையாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன் சிறுநீரகத்தில் கல் வந்த வரலாற்றை அது வருவதற்கு மூன்று வருஷம் முன்பிருந்து ஆரம்பித்தார். அண்ணன் கவனமாகத்தான் கேட்டார். நாற்பது வினாடி ஆயிற்று. என்ன வலி, எந்தப் பக்கம் எல்லாம் கேட்டாகிவிட்டது. பழக்கதோஷம், சொல்லாமல் கொள்ளாமல் வலது கை வெளிப்பக்கம் நீண்டது. "சரி, வாங்க" என்றது வாய்.

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னய்யா, என்னையே வெளிய போகச் சொல்றியா? நான் இந்தச் சங்கத்தோட செயலாளர்!"

அத்தோடு சங்கம் முடிந்தது. நூலகத்துக்குப் போனார், பேசக்கூடாது என்று பலகை. சீட்டாடும் இடத்துக்குப் போனார், அங்கே பேசினால் அடிக்கவே வந்துவிடுவார்கள் போலிருந்தது. ஐந்து வாரம் ஓடிப்போயிற்று, நாலு பேரில் ஒருவரைக்கூடக் காணோம். வாரம் ஒருமுறை மகள் கூப்பிடுவாள். "என்னப்பா, ஆச்சா?" என்பாள். "ஆயிட்டிருக்கு, ஆயிட்டிருக்கு. சரி, வெச்சுடறேன்" என்று இவர் பிடிகொடுக்காமல் வைத்துவிடுவார்.

ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போகும்போது, மஞ்சள் கேட் வீட்டில் ஓர் அம்மாள் தொட்டிச் செடிகளுக்குள் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். பேப்பர் போடுகிறவன் வீசியது உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாளின் கால் விரலில் கட்டு.

"என்னம்மா கால்ல?"

"படியில இடிச்சுக்கிட்டேன். நாற்பது வருஷம் நர்ஸா இருந்தேன், எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருப்பேன். என் கால்ல போட எனக்குக் குனிய முடியலை."

"ரெண்டு நாள் தண்ணி படாம பார்த்துக்கோங்க" என்று ஒரு நர்ஸுக்கே வைத்தியம் சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் அதே நேரத்துக்கு அந்த வழியே போனவர், "கட்டு பிரிச்சாச்சா? வீக்கம் வடிஞ்சுதா?" என்று கேட்டார். அந்த அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என் பையன் வெளிநாட்டுலேர்ந்து நேத்து பேசினான். அவனுக்கே ஞாபகமில்லை, நீங்க கேக்கறீங்களே!" வீக்கம், தூக்கம், பையன் மூன்றும் பேசி முடித்தாயிற்று. "சரி, வரேம்மா" என்று அண்ணன் நடையைக் கட்டினார். நாலு தப்படி போனதும்தான் அவருக்குச் சட்டென்று உறைத்தது. லிஃப்டில் அவர் உட்கார்ந்திருந்தார், ஆட்கள் வந்து வந்து போனார்கள். இங்கே ஆட்கள் அவரவர் இடத்தில் நிற்கட்டுமே, இவர் வந்து வந்து போனால் என்ன? அட, இவ்வளவுதானா விஷயம்! பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. தெரு முனையில் ஓய்வு பெற்ற தபால்காரர், காலை மணி ஏழு மூன்று. மாடி வீட்டு வயலின் டீச்சர், ஏழு ஆறு. முதுகு வலியில் லீவு போட்டு வாசலில் நிற்கும் பஸ் டிரைவர், ஏழு ஒன்பது. நர்ஸம்மா, ஏழு பன்னிரண்டு. எதிரே கடை திறக்கும் டெய்லர், ஏழு பதினாலு. இப்படியே வளைந்து போய், ஏழே முக்காலுக்குப் பதினோராவது கேட். அது யார் வீடு என்கிறீர்கள்? தலைமையாசிரியருடையதேதான். முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள், "அந்தக் கல் இடது பக்கம்னுதானே சொன்னீங்க, அப்புறம் ஸ்கேன்ல என்ன வந்துது?" என்று அண்ணன் கேட்டதும் மனிதர் உருகிவிட்டார். சங்கத்தில் ஒன்றேகால் மணி நேரம் பேசியும் யாரும் காதுகொடுத்துக் கேட்காத கதை அது. இப்போது நாளுக்கு நாற்பது வினாடி என்று தொடராக ஓடுகிறது. மறுநாள் எதைச் சொல்வது என்று முதல் நாளே யோசித்து வைப்பாராம், அவர் மனைவியே சொன்னார்.

மூன்று மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். கையில் ஒரு பெரிய காலிப் பெட்டி.

"சொல்லுங்கப்பா, நாலு பேர்."

"நாலா? பதினோரு பேர்!" என்றார் அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "முதல்ல தபால்காரர்."

"பேரு?"

அண்ணன் விழித்தார். லிஃப்டில் யாரிடம் பேர் கேட்டிருக்கிறார்? "பேரு... கேக்கலை. அடுத்தது மஞ்சள் கேட் நர்ஸம்மா."

"அவங்க பேரு? போன் நம்பர்?"

"தினமும் பாக்கறவங்களுக்கு எதுக்கும்மா போன்?"

"சரி, எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

பொய் சொல்ல அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. "நாற்பது செகண்ட்" என்றார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா! இதுக்குப் பேரு பழக்கமா? ரோட்டுல போறவங்களுக்குக் குட்மார்னிங் சொல்றீங்க, அவ்வளவுதான். ஒருத்தர் பேருகூடத் தெரியலை. ஞாயித்துக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துட்டேன். இனிமே பேச்சு இல்லை." அலமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அவளுக்கு எதிராக வாதாட அண்ணனிடம் இருந்த பேச்சு அரை நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து அவள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போனை மேஜையிலேயே விட்டுவிட்டு அண்ணன் கிளம்பினார். பதினோரு வீட்டிலும் சொல்லிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று நினைப்பு. தபால்காரரிடம் வாய் வரவில்லை. வயலின் டீச்சர், "என்ன சார், முகமே சரியில்லையே?" என்றார், ஒன்றுமில்லை என்று நழுவினார். பஸ் டிரைவரிடம் நின்று நின்று பார்த்துவிட்டு நேற்றைய முதுகு வலியையே மறுபடி கேட்டார். எல்லாமாகச் சேர்ந்து மஞ்சள் கேட்டுக்கு வரும்போது ஏழு இருபது.

பேப்பர் படியில் கிடந்தது. நர்ஸம்மாவைக் காணோம்.

கூப்பிட்டார். பதில் இல்லை. கேட்டைத் திறந்து உள்ளே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எத்தனை வருஷம் காதால் ஆள் அறிந்தவர்! பின்பக்கமிருந்து மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், தரையில் நீல ரப்பர் செருப்பு போட்ட ஒரு கால். எதிர்க்கடை டெய்லரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். இருவருமாக இரும்புக் கம்பியால் பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தார்கள்.

கீழே கிடந்தபடியே நர்ஸம்மா உத்தரவு போட்டார். "யாரும் என்னைத் தூக்காதீங்க. இடுப்பு எலும்பு. டெய்லர் தம்பி, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. ஸ்ட்ரெச்சரோட வரச் சொல்லுங்க."

"எப்பம்மா விழுந்தீங்க?" என்று கேட்ட அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அஞ்சு மணிக்கு. முதல்ல கொஞ்சம் கத்தினேன். அப்புறம் எதுக்கு வீணா தொண்டையைக் கெடுத்துக்கணும்னு விட்டுட்டேன். ஏழு பன்னெண்டுக்கு நீங்க வருவீங்கன்னு தெரியும், அதோ அந்தக் கடிகாரத்தைப் பார்த்துட்டே படுத்திருந்தேன்." வலியிலும் அந்த அம்மாள் அவரை முறைத்தார். "இன்னிக்கு எட்டு நிமிஷம் லேட்டு."

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் அண்ணன். அவர் கண் நிறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் ஒரு பெண் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். நோயாளியின் பேர் என்ன என்று கேட்டாள். அண்ணன் அசடு வழிந்தார். ஸ்ட்ரெச்சரில் இருந்த நர்ஸம்மாவே தன் பேரைச் சொன்னார்.

"கூட வந்திருக்கறவர் என்ன உறவு?"

"தினமும் வர்றவர்னு எழுதும்மா."

"அப்படி ஒண்ணும் இதுல இல்லையே. மகன், மகள், கணவர், மற்றவர், அவ்வளவுதான் இருக்கு."

"அப்ப மற்றவர்ல போட்டுப் பக்கத்துல நான் சொன்னதை எழுது. நானும் ஆஸ்பத்திரில இருந்தவதான், எழுத இடம் இருக்கும்."

அந்தப் பெண் எழுதினாள். நர்ஸம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

அண்ணன் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், டெய்லர் சொன்னதைக் கேட்டு, தலையைக்கூட வாராமல் மகள் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் படபடவென்று பொரிந்தாள்.

"போனை வெச்சுட்டுப் போனா நான் என்னன்னு நினைக்கறது? தேடிட்டு வெளிய வந்தேன். நான் யாரையும் கேக்கலைப்பா, என்னைத்தான் எல்லாரும் பிடிச்சுக் கேக்கறாங்க. நீங்க அவர் பொண்ணா, அப்பா முகம் சரியில்லையே, ஏதோ சொல்ல வந்து சொல்லாம போனாரேன்னு முதல் மூணு வீட்டுலயும் விசாரணை. டெய்லர் கடை வாசல்ல ஆறு பேர் கூட்டமா நிக்கறாங்க. எட்டு மணி ஆகலை, அதுக்குள்ள எல்லாரும் உங்களைத் தேடிட்டு வந்திருக்காங்க. அதுல ஒரு பெரியவர், கல்லு வெளிய வந்த நாளை இன்னிக்குச் சொல்லணும்னு இருந்தேன், எங்கம்மா உங்கப்பான்னு என்கிட்ட சண்டைக்கு வர்றார்!"

"தலைமையாசிரியர்" என்றார் அண்ணன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னம்மா, நாலு பேர் தேறிட்டாங்களா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேறிவிட்டார்கள் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் அண்ணனுக்கு அந்த இடத்திலேயே போயிற்று.

"ஏம்மா? பெட்டியைக் கட்டணும்னா கட்டு. நான் வரேன். அழாதே."

"அதில்லப்பா. அவங்க எல்லாரையும் நேத்து எப்படி இருந்துது, இன்னிக்கு எப்படி இருக்குன்னு தினமும் கேக்கறீங்களாம். என்னை ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? வாரத்துக்கு ஒரு தடவை நான்தான் கூப்பிடறேன். சரி வெச்சுடறேன்னு வெச்சுடறீங்க. அவரும் கப்பல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தா பேச ஒரு ஆள் கிடையாது. நீங்க தனியா இருக்கீங்கன்னு கூட்டிட்டுப் போக வரலைப்பா. நான்தான் தனியா இருக்கேன்."

முந்நூறு பேர் வீட்டுச் சங்கதியை விசாரித்த மனுஷன், பெற்ற பெண்ணை விட்டுவிட்டாரே! அவள் நன்றாகத்தான் இருப்பாள் என்று இத்தனை வருஷம் அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. எப்போதும் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துப் பேசுகிறவர், பெஞ்சில் நன்றாகத் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். எப்போதிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க லேப்ல புதுசா ஒரு மேனேஜர் வந்திருக்கார், எரிஞ்சு விழறார்னு மூணு வாரம் முன்னாடி சொன்னியே" என்றார். "இப்ப எப்படி இருக்கார்?"

அவள் துப்பட்டாவை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"எல்லாம் இருக்கு. கேக்கத்தான் இல்லை. சொல்லு."

அவள் சொன்னாள். மேனேஜர், சம்பளம் கூட்டாமல் கூட்டிய வேலை நேரம், உடைந்த மைக்ராஸ்கோப்புக்கு யார் பொறுப்பு என்ற தகராறு, மாப்பிள்ளை போனில் அடிக்கடி அறுந்துபோகும் பேச்சு. நாற்பது வினாடி எப்போதோ போய்விட்டது. நாற்பது நிமிஷமும் போய்விட்டது. நடுவில் டாக்டர் வெளியே வந்து, அறுவை சிகிச்சை நாளைக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய வலது கை மடியிலேயே இருந்தது.

கடைசியில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு நான் மட்டும் போறேன்பா. நீங்க இங்கயே இருங்க. உங்களைக் கூட்டிட்டுப் போனா அந்தத் தெருவே என்னை அடிச்சுடும்" என்றாள்.

"இரு. உனக்கு ஒரு நேரம் சொல்லணும்." அண்ணன் மனதுக்குள் தெருவை ஒருதரம் நடந்து பார்த்தார். "தினமும் காலைல ஆறே முக்கால். தபால்காரருக்கு முன்னாடி. நானே கூப்பிடறேன், முதல் ஆள் நீ."

"ஆறே முக்காலுக்கு நான் தூங்கிட்டிருப்பேனேப்பா."

"எழுந்திரு" என்றார்.

"சரி, எழுந்துக்கறேன்" என்றாள் மகள்.